மிதந்த மிளகு

அத்தியாயம் 12

சம்பந்தி பச்சியம்மாவின் கூண்டு வண்டி வாசலில் வந்து நின்றதோடு போன வாரம் கதையை நிறுத்தியிருந்தேன். அவள் வந்த காரியம் ஊருக்கே தெரிந்ததுதான். மகள் சின்னம்மாளுக்கு ஏழாம் மாதம். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் ஆக வேண்டும். அதற்காக, தீர்த்தமலைப் பக்கம் இருக்கும் தன் ஊருக்கு மகளைக் கூட்டிப்போக நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறாள்.

அனுப்பிவைக்கிற வீட்டில் விருந்து வைக்காமல் முடியுமா? மூத்த மருமகள் ராமக்காவுக்கு விடிந்ததிலிருந்து இடுப்பு நிமிரவில்லை.

விருந்துதான், ஆனால் பொட்டு மிளகாய் கிடையாது. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டு இளைய மகன், சின்னம்மாளின் புருஷன் கோவிந்தன், பட்டாளத்தில் இருக்கிறான். பங்குனியில் லீவில் வந்துவிட்டு அவன் பர்மா எல்லைக்குத் திரும்பிய அன்று, தாய் காசியம்மாள் மாரியம்மன் முன்னால் நின்று, "என் மவன் முழுசா வூடு திரும்பற வரைக்கும் எங்க அடுப்புல மொளகா ஏறாது தாயே" என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். பெற்ற வயிற்றுக்கு வேறு என்ன தெரியும்?

அன்றிலிருந்து மொச்சைக் குழம்புக்கு மிளகு, கீரைக்கு மிளகு, கோழி அடித்தாலும் மிளகு. முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். ராமக்கா ஒருத்திதான் முணுமுணுக்காமல் மிளகின் குணத்தைத் தெரிந்துகொண்டாள். குழம்புக்கு என்றால் வறுத்து அரைக்க வேண்டும். ரசத்துக்கு வறுக்காமல் ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். கீரையில் இறக்கும்போதுதான் தூவ வேண்டும். முன்னாலேயே போட்டால் வாசம் போய்க் காரம் மட்டும் தொண்டையில் நிற்கும். மூன்றாம் மாதம் அவளுடைய ரசத்துக்கு ஆளாளுக்குக் கிண்ணத்தை நீட்டினார்கள்.

சண்டைக் காலத்தில் மிளகு லேசில் கிடைக்கிற சரக்கா? அரூர் சந்தை முழுக்க அலைந்தாலும் சில வாரம் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அதனால் மிளகுச் சட்டியை நம்பிக்கையான கையில் விடவேண்டும் என்று காசியம்மாள் அதை ராமக்காவிடம் ஒப்படைத்தாள். தவசக் குதிரின் மூடியைக்கூடத் தொடவிடாத மாமியார் அவள். ராமக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு பிள்ளை தங்கவில்லை. சின்னம்மாள் வந்த மறு வருஷமே முழுகாமல் இருந்தாள். ராமக்காவுக்கு அதில் பொறாமை இருந்ததா என்று கேட்டால், முதல் இரண்டு நாள் இருந்தது, நான் மறைக்கப்போவதில்லை. பிறகு அந்தப் பிள்ளை தன் ரசத்திலும் சோற்றிலும்தான் வளர்கிறது என்று நினைத்தபோது பொறாமை போய், ஒரு சொந்தம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்று அந்தச் சொந்தத்துக்குத்தான் சோதனை.

"என்னம்மா ராமக்கா, ஒண்டியா கெடந்து இடுப்பொடிக்கிறே? குடு, நான் தட்டித் தரேன்" என்று பச்சியம்மா அடுப்படிக்குள் வந்து அம்மி முன்னால் உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்குங்க? வண்டியில வந்த அலுப்பு இருக்குமே."

"உக்காந்து வந்தவளுக்கு என்ன அலுப்பு? மாடுதான் நடந்துச்சு."

ராமக்கா சிரித்துக்கொண்டே ஒரு பிடி மிளகை அள்ளி அம்மியில் வைத்தாள். பிடி கொஞ்சம் பெரிய பிடிதான். ஒரு வாரமாக ரசத்தில் மிளகு வாசம் ஏறவே இல்லை. கடுகு அரைத்த மாதிரி ஒரு நெடி வேறு. ஐப்பசி மழையில் மிளகு ஈரம் கோத்துக்கொண்டது என்று அவளாகவே முடிவு கட்டி, தினமும் கூடக் கொஞ்சம் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

குழவியைத் தூக்கிய பச்சியம்மா, தூக்கியபடியே நிறுத்திவிட்டாள். ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினாள். மிளகு நகத்துக்கா உடையும்? இது பட்டென்று உடைந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. வாயில் போட்டுக் கடித்தாள். உடனே துப்பினாள்.

"ஒரு சொம்புத் தண்ணி கொண்டா."

குரலில் இருந்த இனிப்பு போயிருந்தது. ராமக்கா ஒன்றும் புரியாமல் சொம்பை நீட்டினாள். பச்சியம்மா அம்மியிலிருந்ததை வழித்துத் தண்ணீரில் போட்டாள். கொஞ்சம் அடியில் போய் விழுந்தது. பாதிக்கு மேல் மிதந்தது.

"இதுவா மொளகு?" என்றாள் பச்சியம்மா. "பப்பாளி வெதைம்மா இது! புள்ளத்தாச்சிக்குப் பப்பாளி வெதையை அரைச்சு ஊத்தியிருக்கே!"

ராமக்கா சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குள் பப்பாளிப் பழத்தைக் கொண்டுவரவே மாட்டார்கள். கரு கலைந்துவிடும் என்று அவ்வளவு பயம். அந்த விதையைத் தன் கையாலேயே, அதுவும் ஒரு வாரமாக, பிடிக்கு மேல் பிடி போட்டு அரைத்திருக்கிறாளே! அவளுக்குத் தன் பேர் கெடுமே என்ற நினைப்பு முதலில் வரவில்லை. சின்னம்மாளின் வயிறுதான் கண்முன் வந்தது.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரியாமத்தான் பாதிச் சட்டி வந்துச்சா?"

சத்தம் கேட்டுக் காசியம்மாள் ஓடி வந்தாள். பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாளும் வந்து நிலைப்படியில் நின்றாள். பச்சியம்மா சொம்பைச் சம்பந்தியின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"பாருங்க சம்பந்தி, உங்க வூட்டு லட்சணத்தை! இந்தச் சட்டி யாரு பொறுப்பு?"

காசியம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொம்புக்குள் குனிந்தாள்.

"எம்பொறுப்புதாங்க" என்றாள் ராமக்கா.

"வெயில்ல காயப்போட்டது யாரு?"

"நாந்தாங்க. போன வாரம் மழை வுட்டப்ப, களத்துப் பாறையில போட்டேன்."

"ரசம் வெச்சு ஊத்துனது?"

"நாந்தாங்க."

"அப்புறம் என்ன பேச்சு? தனக்கு இல்லேன்னு அடுத்தவ வயித்துலயும்…" பச்சியம்மா மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. "சின்னம்மா, பொட்டியை எடு. இந்த வூட்டுல ஒரு வாய்த் தண்ணிகூட இனிமேல் குடிக்கக்கூடாது. கோவிந்தன் வந்தா அவன் அங்க வந்து குடும்பம் நடத்தட்டும்."

ராமக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வரவில்லை. மாமியார் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தனக்காகச் சொல்லமாட்டாளா என்று காத்திருந்தாள். காசியம்மாள் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணில் பூ விழ ஆரம்பித்திருந்தது. மிதப்பது எது, கிடப்பது எது என்று தெரிகிறதோ இல்லையோ, முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

அப்போது, "நான் அதைக் குடிக்கவே இல்லை" என்றது ஒரு சின்னக் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். சின்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"எதைக் குடிக்கலை?" என்றாள் தாய்.

"ரசத்தை. ரசம், கொழம்பு எதையும் இந்த ஒரு வாரமாத் தொடலைம்மா. அந்த நெடி பட்டாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. அக்கா மனசு நோவுமேன்னு வாங்கிக்குவேன். அப்புறம் கொல்லைக்குக் கொண்டுபோய் எருமைத் தொட்டியில ஊத்திடுவேன்."

"அப்ப சோத்துக்கு எதைத் தொட்டுக்கிட்டே? வெறுங்களியா தின்னே?"

சின்னம்மாள் நிமிர்ந்து ராமக்காவைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். ராமக்காவுக்கு அவள் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று புரிந்துவிட்டது.

"பச்சை மொளகாங்க அத்தே" என்றாள் சின்னம்மாள். "உப்பைத் தொட்டுக்கிட்டுக் கடிச்சுக்குவேன். கெணத்து மேட்டு மாடத்துல தெனமும் நாலஞ்சு கெடக்கும். குட்டையா, குண்டா இருக்கும். யாரு வெக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் பயம். உங்க வேண்டுதலை நான் கெடுத்துட்டேன். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என்னாலதான். ஆனா அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. அவுங்க எனக்குக் கெட்டது நெனைக்கிறவங்க இல்லீங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

புருஷன் சண்டையில் இருக்கும்போது, அவன் உயிருக்காக மாமியார் கட்டிக் காத்த நேர்த்தியை முறித்ததாக ஒரு பெண் தன் வாயால் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதையும் ஓரகத்தி பேரைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறாள். ராமக்கா ஓடிப்போய் அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். சின்னம்மாள் அவள் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

இனிமேல் இடி விழப்போகிறது என்று எல்லோரும் காசியம்மாளைப் பார்த்தார்கள்.

இடி விழவில்லை.

"எதுக்கு இப்ப அழுவறே? புள்ளத்தாச்சி அழுவக்கூடாது" என்றாள் காசியம்மாள். "ஆத்தாகிட்ட நான் என்ன சொன்னேன்? எங்க அடுப்புல மொளகா ஏறாதுன்னுதானே சொன்னேன்? ஏறுச்சா? ஏறலை. பச்சையாக் கடிச்சதுக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆத்தாளுக்கு இது தெரியாதா? அவளும் புள்ள பெத்தவதான்."

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சுருக்கில் பதிலா! ரொம்ப நாள் யோசித்து வைத்த பதில் மாதிரி இருந்தது. ராமக்காவுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் வயிற்றில் பால் வார்த்த நேரத்தில் உறுத்தலையெல்லாம் யார் ஆராய்வார்கள்?

காசியம்மாள் திடீரென்று நிமிர்ந்தாள். "ஏ புள்ளே, எருமைத் தொட்டியிலயா ஊத்துனே? எருமை சினையா இருக்குதேடி!"

முதலில் சிரித்தது பச்சியம்மாதான். வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் முடியாமல், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சின்னம்மாளும் அழுகையோடு சிரித்தாள். தன் பெயரைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்த மாதிரி கொல்லையில் எருமை கத்தியது. அதற்கு ஒரு குறையும் இல்லை. தொட்டித் தண்ணீரில் ஒரு கிண்ண ரசம் எந்த மூலைக்கு?

"எல்லாஞ் செரி" என்றாள் பச்சியம்மா, சிரிப்பு அடங்கியதும். "என் பொண்ணு குடிக்கலே, தெய்வம் காப்பாத்துச்சு. ஆனா வெதை தானா நடந்து வந்து சட்டியில ஏறிக்காதே?"

ராமக்காவின் முகம் மறுபடி சுண்டியது. வயிற்றுப் பிள்ளை பிழைத்தது. அவள் பேர் இன்னும் பிழைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் சென்னப்பன் வயலிலிருந்து வந்தான். தம்பி பெண்டாட்டி அடுப்படியில் நிற்பதைக் கண்டு, முறைப்படி வெளியிலேயே நின்றுகொண்டு, "என்ன சத்தம்?" என்று பொதுவாகக் கேட்டான். காசியம்மாள் விஷயத்தைச் சொன்னாள்.

"பப்பாளி வெதையா?" என்றான் அவன். "கருப்பா, காஞ்சதா?"

"ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அரூருல ஒருத்தரு ஒரு பழம் குடுத்தாரும்மா. இந்த வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதேன்னு காட்டுலயே அறுத்துத் தின்னுட்டேன். நல்ல சாதிப் பழம். வாய்க்கா மேட்டுல ஊனலாம்னு வெதையைக் களத்துப் பாறை ஓரத்துல காயப் போட்டிருந்தேன். போய்ப் பாக்கறேன், ஒண்ணுகூட இல்லை. அணிலு தின்னுருச்சுன்னு இருந்துட்டேன்."

காசியம்மாள் மெதுவாக நெல் குத்தும் உரலின்மேல் உட்கார்ந்தாள்.

"அணிலு இல்லைடா" என்றாள். "நாந்தான் அள்ளுனேன்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மழை கருக்கிச்சு. மொளகை அள்ளலாம்னு போனேன். பாறை ஓரத்துல கருப்பா எறைஞ்சு கெடந்துச்சு. இந்தக் காலத்துல மொளகை இப்பிடி எறைச்சு வெச்சிருக்காளே, இவ என்ன பொம்பளைன்னு ராமக்காவை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே, ஒண்ணு வுடாமப் பொறுக்கிச் சட்டியில போட்டேன். எங்கண்ணு லட்சணம் அப்பிடி. சம்பந்தி, கேக்கறதை என்னைக் கேளுங்க. இவளை ஒண்ணும் கேக்காதீங்க."

சம்பந்தி முன்னால் தலை குனிவது என்பது காசியம்மாளுக்கு உயிர் போகிற காரியம். இருந்தாலும் சொல்லிவிட்டாள். அதோடு நிற்காமல் ராமக்காவின் கையைப் பிடித்து, "அப்பவே நான் வாயைத் தொறந்திருக்கணும். பயத்துல எனக்கு ஒண்ணும் ஓடலை. மனசுல வெச்சுக்காதே, என்னா?" என்றாள்.

ராமக்காவுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. இறக்கி வைத்த சுமை பெரிது. தலையை ஆட்டினாள்.

இனிப் பச்சியம்மாவின் முறை. அவள் மன்னிப்பு கேட்கிற ரகம் இல்லை. மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குது. சோத்தைப் போடு" என்றாள்.

"ரசம் இன்னும் வெக்கலீங்களே."

"வையி. அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

ராமக்கா சட்டி மிளகு மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டினாள். மிதந்ததையெல்லாம் அள்ளி எறிந்தாள். அதில் நல்ல மிளகும் கொஞ்சம் போயிருக்கும். போகட்டும் என்று விட்டாள். அடியில் கிடந்ததைத் துணியில் ஒற்றி, வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை மட்டும் புரட்டி, சீரகமும் பூண்டும் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டினாள். புளித் தண்ணீர் நுரை கட்டியதும் போட்டு மூடினாள். ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த வாசம் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. சின்னம்மாள் நிலைப்படியிலிருந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, இது கொமட்டலையே!"

"பப்பாளிதான் கொமட்டியிருக்குது. உன் வயித்துல இருக்கறது கெட்டிக்காரப் புள்ள" என்றாள் ராமக்கா.

பச்சியம்மா சாமைச் சோற்றில் ரசத்தை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டாள். மறுபடியும் ஊற்றச் சொன்னாள். கடைசியில் கையைக் குவித்து வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்:

"புள்ள பெத்த ஒடம்புக்கு மொளகுதான் பத்தியம். எங்கூட்டுல இப்பிடி வெக்க ஆளில்லை. வலி எடுத்ததும் வண்டி அனுப்பறேன். நீ வந்து பக்கத்துல இருக்கணும். புள்ளையை மொதல்ல நீதான் கையில வாங்கணும்."

பிள்ளை இல்லாதவளைப் பேறுகால வீட்டு வாசலிலேயே நிறுத்துகிற ஊர் அது. ராமக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வரேனுங்க" என்றாள்.

வெயில் தாழ்வதற்குள் வண்டி புறப்பட்டது. ராமக்கா தட்டிய மிளகுப் பொடி ஒரு பொட்டலம் சின்னம்மாளின் பெட்டியில் ஏறியது. கடைசி நிமிஷத்தில் காசியம்மாள் ஓடி வந்து, முடிச்சுப் போட்ட சின்னத் துணியொன்றை மருமகளின் மடியில் திணித்தாள். "திருஷ்டிக்கு உப்பு. பத்திரம், நீயே வெச்சுக்க" என்றாள்.

வண்டி ஏரிக்கரை திரும்பி மறைந்ததும், ராமக்கா புருஷன் பக்கம் வந்தாள்.

"ஏனுங்க, மாடத்துல மொளகா வெச்சது நீங்கதானே? சும்மா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நானா?" சென்னப்பன் பதறினான். "அந்தப் புள்ள மொகத்தை ஏறிட்டுப் பாத்ததில்லை நான். அவளுக்கு என்ன புடிக்கும்னு எனக்கெப்பிடித் தெரியும்? குட்டையா குண்டான்னு சொல்லுச்சே, அந்த மொளகா இந்தப் பக்கத்துல மாதப்பன் தோட்டத்துல மட்டுந்தான் காய்க்குது. அவன் வேலிகிட்ட நான் போவேனா?"

அதுவும் நியாயம்தான். வாய்க்கால் தகராறுக்குப் பிறகு, பக்கத்துக் காட்டு மாதப்பன் வீட்டோடு இந்த வீட்டில் யாருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது காசியம்மாள்தான். இன்றுவரை அந்தத் திசையில் அவள் எச்சில்கூடத் துப்புவதில்லை.

"ஐயோ ஆத்தா!"

வாசலில் அலறல் கேட்டது. மருமகளை அனுப்பிய துக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட காசியம்மாள், கண்ணை இறுக மூடியபடி இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். ராமக்கா மோர்ச் சொம்போடு ஓடினாள். மாமியாரின் விரல்களைப் பிடித்து மோரை ஊற்றிக் கழுவினாள். நகக் கண்ணில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. மோரையும் மீறி ஒரு நெடி மூக்கில் ஏறியது. பங்குனிக்குப் பிறகு அந்த வீட்டில் வராத நெடி. திருஷ்டி முடிச்சில் உப்போடு வேறென்ன போயிருக்கிறது என்று ராமக்காவுக்கு அப்போது தெரிந்தது.

"தூசிடி" என்றாள் காசியம்மாள். "தூசி வுழுந்துருச்சு."

ராமக்கா முந்தானை நுனியால் அவள் கண்ணைப் பதமாக ஒற்றினாள். சிரிப்பும் பாசமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"தூசிதாங்க அத்தே" என்றாள். "எந்தக் காட்டுலேருந்து வந்த தூசின்னு மட்டும் சொல்லுங்க."

காசியம்மாளின் திறந்திருந்த ஒற்றைக் கண் மட்டும், அவளையும் கேட்காமல், மாதப்பன் தோட்டத்து வேலிப் பக்கம் போய்த் திரும்பியது.